103 பிஎஸ் பெட்ரோல் எஸ்யூவி லே வரை ஏறுமா?

கோயம்புத்தூரில் இருந்து ஐந்து பேராகக் கிளம்பி, ஸ்ரீநகர், சோஜி லா கணவாய், கார்கில் வழியாக லடாக்கின் லேவுக்குச் சென்று, மணாலி வழியாகத் திரும்பத் திட்டமிட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் மேனுவலும் கொண்ட சிறிய எஸ்யூவி. அதன் திறன் 103 பிஎஸ் (குதிரைத்திறன் அலகு), டார்க் எனும் முறுக்கு விசை 137 நியூட்டன் மீட்டர், இதுவரை ஓடியது 45,000 கிலோமீட்டர். "இது மலையில் இழுக்காது, விற்றுவிட்டு டீசல் எடுத்துக்கொண்டு போ" என்று நண்பர்கள் சொல்வதால் தயங்குகிறீர்கள். உடன் வரும் மைத்துனரின் ஹைப்ரிட் வண்டியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். வண்டியை மாற்ற வேண்டியதில்லை, அது ஏறும் என்பதே என் பதில். ஆனால் நண்பர்கள் சொல்வதை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. பெட்ரோல் வண்டி மலையில் திணறுவதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். திணறலுக்கு அவர்கள் சொல்லும் காரணத்தோடு மட்டும்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில், ஒரு மலையேற்றத்துக்கு எவ்வளவு திறன் வேண்டும் என்று பார்ப்போம். மலைச் சாலைகளின் ஏற்றம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிமுறை, 3,000 மீட்டருக்கு மேலுள்ள மலைச் சாலைகளுக்கு 5 விழுக்காட்டை வழக்கமான ஏற்றமாகவும் 7 விழுக்காட்டை விதிவிலக்கான மேல்வரம்பாகவும் வைத்திருக்கிறது. அதாவது நூறு மீட்டர் ஓடினால் ஐந்து முதல் ஏழு மீட்டர் வரை உயர்வோம். கொண்டை ஊசி வளைவுகளின் உட்புறமும் பழைய பாதைகளின் சில துண்டுகளும் இதைவிடச் செங்குத்தாக இருக்கும், அதற்குப் பிறகு வருகிறேன். வண்டி, ஐந்து பேர், சாமான், கூரைத் தாங்கி எல்லாம் சேர்த்து 1,700 கிலோ என்று வைத்துக்கொண்டால், 6 விழுக்காடு ஏற்றத்தில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தக்கவைக்கச் சக்கரத்தில் சுமார் 25 பிஎஸ் போதும். டயர் உருளும் தடையும் காற்றின் தடையும் இதற்குள் அடக்கம். உங்கள் எஞ்சினின் உச்சத் திறனில் இது கால் பங்குதான்.

இனி உயரம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளிழுக்கும் காற்றின் எடை அதே அளவுக்குக் குறைகிறது. எரிக்க முடிகிற பெட்ரோலும் குறைகிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் உதகையின் 2,240 மீட்டரில் ஏறத்தாழ 80 விழுக்காடு, 4,000 மீட்டரில் 67, 5,000 மீட்டரில் 60. நீங்கள் கடக்கப்போகும் கணவாய்களில் சோஜி லா 3,528 மீட்டர், ஃபோட்டு லா 4,108 மீட்டர், திரும்பும் வழியில் வரும் டக்லங் லா 5,328 மீட்டர். டக்லங் லாவின் உச்சியில் உங்கள் 103 பிஎஸ் எஞ்சின் அறுபதுக்குச் சற்றுக் குறைவான பிஎஸ் தரும் எஞ்சினாகிவிடும். அப்போதும் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத் தேவையானதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கையில் இருக்கும், அந்தச் சாலையின் வளைவுகளிலோ 50-ஐத் தொடுவதே அரிது. இந்திய ராணுவம் 1.3 லிட்டர், 80 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் கொண்ட மாருதி ஜிப்ஸிகளைப் பல ஆண்டுகள் லடாக்கில் ஓட்டியதும், மலை மாநிலங்களில் ஆளும் சரக்குமாக நிறைந்து ஏறும் மகிந்திரா பொலேரோவின் எஞ்சின் வெறும் 76 பிஎஸ் என்பதும் இதற்குச் சான்று.

அப்படியானால் "இழுக்கவில்லை" என்ற புகார் எங்கிருந்து வருகிறது? விளம்பரத்தில் காணும் 103 பிஎஸ் என்பது எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும்போது மட்டும் தருவது. 2,000 சுற்றில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தரும். இதை ஒரு முந்திச்செல்லலில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். அதே 6 விழுக்காடு ஏற்றம், முன்னால் ஒரு லாரி, நீங்கள் 40-ல் இருந்து 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய் அதைத் தாண்ட வேண்டும். வழக்கமான கியர் விகிதங்களை வைத்துக் கணக்கிட்டால், 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் எஞ்சின் 2,250 சுற்றில் ஓடும், இரண்டாவது கியரில் 3,300 சுற்றில் ஓடும். கடல்மட்டத்தில் மூன்றாவது கியர் சக்கரத்துக்குச் சுமார் 37 பிஎஸ் அனுப்புகிறது. ஏறுவதற்கு 25 போக, வேகமெடுக்க 12 மிஞ்சுகிறது. 4,000 மீட்டர் உயரத்தில் அதே மூன்றாவது கியர் அனுப்புவது சுமார் 25 பிஎஸ், ஏறத் தேவையானதும் 25. மிச்சம் ஒன்றுமில்லை. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் வண்டி இருக்கும் வேகத்திலேயே முனகிக்கொண்டு நிற்கும். நண்பர்கள் பார்த்தது பெரும்பாலும் இந்த நிலையைத்தான்.

அதே இடத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கினால் சக்கரத்துக்கு 37 பிஎஸ் வருகிறது, மீண்டும் 12 மிஞ்சுகிறது. அதாவது 4,000 மீட்டரில் உங்கள் இரண்டாவது கியர், ஊரில் உள்ள மூன்றாவது கியர் செய்த வேலையைச் செய்கிறது. கியர்களுக்கு இடையிலான இடைவெளியும் காற்றின் இழப்பும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருப்பதால் இப்படி அமைகிறது. ஆகவே அந்த உயரத்தில் கை எந்த கியரை நாடுகிறதோ அதற்கு ஒன்று கீழே போடுங்கள். இந்தப் பயணத்துக்கு நான் தரும் முதன்மையான ஆலோசனை இதுதான்.

கியரை இறக்கினாலும் இழப்பு முழுவதும் ஈடாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடல்மட்டத்தில் இரண்டாவது கியரில் 40-ல் இருந்து 60-க்குப் போக உங்கள் வண்டிக்கு ஆறு விநாடி அளவு ஆகும் என்றால், 4,000 மீட்டரில் அதே கியரில் பதினான்கு விநாடி ஆகும். அந்தப் பதினான்கு விநாடியில் வண்டி ஏறக்குறைய 200 மீட்டர் ஓடியிருக்கும், எதிரே வருபவரும் அதே அளவு நெருங்கியிருப்பார். அப்படியொரு நேரான, முழுவதும் கண்ணுக்குத் தெரியும் சாலைத் துண்டு சோஜி லாவில் கிடைக்காது. அங்கே லாரிக்காரர் ஒதுங்கி வழிவிடும் வரை பின்னாலேயே போவதுதான் முறை. திறன் குறைந்த வண்டிக்கு மலையில் உண்மையான இழப்பு இது ஒன்றுதான்: ஏறுவது தடைபடாது, முந்துவது தடைபடும். 160 பிஎஸ் டர்போ வண்டிக்காரருக்கு இந்தச் சாலையில் கிடைக்கும் கூடுதல் நன்மையும் இவ்வளவுதான். அதற்காக ஒரு வண்டியை விற்று இன்னொன்று வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம்மில் பலருக்கு எஞ்சின் 3,500 சுற்றைத் தாண்டினால் மனம் பதறுகிறது. மைலேஜுக்காகச் சீக்கிரம் மேல் கியருக்கு மாற்றியே பழகிவிட்டோம், டேஷ்போர்டில் உள்ள அம்புக்குறியும் அதையே தூண்டுகிறது. உங்கள் எஞ்சின் தன் உச்ச டார்க்கைத் தருவதே 4,400 சுற்றில்தான். ஆயிலும் கூலண்டும் சரியாக இருக்கும் வரை, ஏற்றத்தில் 3,500 முதல் 4,500 சுற்று வரை மணிக்கணக்கில் ஓடினாலும் அதற்குத் தீங்கு இல்லை. மேல் கியரில் 1,500 சுற்றில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து ஏற்றுவதுதான் தீங்கு.

டீசல் பரிந்துரைக்கு வருகிறேன். ஹூண்டாய் கிரெட்டாவின் 1.5 டீசலைப் பாருங்கள்: திறன் 116 பிஎஸ், உங்கள் வண்டியைவிடப் பெரிதாக அதிகமில்லை, ஆனால் டார்க் 250 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,500 சுற்றிலேயே. கியரை இறக்காமல் சோம்பேறித்தனமாக ஏற அது இடம் தருகிறது. கூடவே, டர்போ வேகமாகச் சுழன்று மெலிந்த காற்றை அமுக்கி ஈடுசெய்வதால், உயரத்தில் டர்போ எஞ்சின்களின் இழப்பு குறைவு. இந்தச் சாலைக்கென்றே புதிதாக வண்டி வாங்குபவர் என்னைக் கேட்டால் டீசலைத்தான் சொல்வேன். ஆனால் சிறிய டர்போ பெட்ரோல்களைப் பற்றிச் சற்று எச்சரிக்கை தேவை. டர்போ அழுத்தம் ஏறும்வரை ஒரு லிட்டர் எஞ்சின் ஒரு லிட்டர் எஞ்சின்தான். 5,000 மீட்டரில் அது 600 மில்லிலிட்டர் எஞ்சினைப் போல நடந்துகொள்ளும். அங்கே செங்குத்தான வளைவில் நின்று மறுபடி கிளம்பும்போது, 120 பிஎஸ் என்ற எண் உதவிக்கு வராது.

மைத்துனரின் ஹைப்ரிட் விஷயம் வேறு. மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டை எடுத்துக்கொண்டால், எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து 116 பிஎஸ், எஞ்சின் மட்டும் தருவது 92 பிஎஸ், பேட்டரி 0.76 கிலோவாட் மணி. நகரத்தில் இந்தப் பேட்டரி அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிக் குறையும், அதனால் உதவி எப்போதும் கிடைப்பதுபோல் தோன்றும். இடைவிடாத நீண்ட ஏற்றத்தில் அது சிறிது நேரத்திலேயே வற்றிவிடும். பிறகு அந்த 92 பிஎஸ் எஞ்சின் உயரத்தின் இழப்பையும் தாங்கிக்கொண்டு தனியாகத்தான் இழுக்க வேண்டும். அப்போதும் ஏறும், சத்தம் கூடும், அவ்வளவுதான். அவருடைய உண்மையான சிக்கல் இறக்கத்தில் இருக்கிறது.

இனி, தள்ளிவைத்த செங்குத்தான இடங்கள். 15 விழுக்காடு சரிவில் முழுச் சுமையோடு நின்றுவிட்டு மறுபடி கிளம்ப, சக்கரத்தில் சுமார் 270 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். முதல் கியரில் 1,500 சுற்றில் உங்கள் வண்டி கடல்மட்டத்தில் 460 கிலோ அளவுக்குத் தரும். 5,000 மீட்டரில் அது 275 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. இது விளிம்பு. ஓட்டுபவர் ஊரில் செய்வதுபோல் கிளட்ச்சை விட்டால் எஞ்சின் அணைந்துவிடும், அல்லது அணையாமலிருக்க அரைக் கிளட்ச்சில் நீண்ட நேரம் தொங்கவிடுவார், கருகும் வாடை வரும். லடாக் சாலையில் திறன் போதாமல் நின்ற வண்டியைவிடக் கிளட்ச் எரிந்து நின்ற வண்டியே அதிகம் என்பது என் எண்ணம். கைப்பிரேக்கை இழுத்து வைத்து, எஞ்சினை 2,500 சுற்றுக்கு உயர்த்தி, கிளட்ச் பிடிப்பதை உணர்ந்ததும் கைப்பிரேக்கை விடுவித்து, தயங்காமல் முழுவதும் இணைத்துவிடுங்கள். அதற்கு மேலும் முடியாவிட்டால், கிளட்ச்சை வதைப்பதைவிட மூன்று பேரை இறங்கி நடக்கச் சொல்வது மேல், 200 கிலோ குறையும். பனி உருகி வரும் ஓடைகள் சாலையைக் கடக்கும் இடங்களில் மதியத்துக்கு மேல் நீர்வரத்து கூடிவிடும் என்பதால், அவற்றைக் காலையிலேயே தாண்டிவிடுவதும் கிளட்ச்சுக்குச் செய்யும் உதவிதான். சரளைக் கற்கள் நிறைந்த ஏற்றத்தில் எடை பின்னோக்கிச் சாய்வதால் முன்சக்கர வண்டியின் டயர் வழுக்கிச் சுழலக்கூடும். அது பிடிமானக் குறை, திறன் குறையன்று. அங்கே கூடுதலாக மிதிப்பது குழியைத்தான் ஆழமாக்கும்.

வெப்பத்தைப் பற்றி ஒன்று. எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது வண்டி மெதுவாகப் போகிறது, ரேடியேட்டரைத் தழுவும் காற்றும் மெலிந்திருக்கிறது. 5,000 மீட்டரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். எஞ்சினுக்குள் அது கொதிக்காமல் காப்பது கூலண்ட் கலவையும், அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரேடியேட்டர் மூடியும். மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்திருந்தால் சமவெளியில் ஒன்றும் தெரியாது, மேலே போன பிறகே காட்டிக்கொடுக்கும். வெப்பமானி ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்துங்கள், சில பிஎஸ் திறனும் திரும்பக் கிடைக்கும்.

உங்கள் கடிதத்தில் இறக்கத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை, எனக்கு உள்ள கவலை அதைப் பற்றித்தான். 1,700 கிலோ வண்டி உதகையில் இருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,900 மீட்டர் தாழ்கிறது. அந்த உயரத்தில் அடங்கியிருக்கும் ஆற்றல், நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பத்துக்குச் சமம். இதில் ஒரு பகுதி டயரின் உருளலிலும் காற்றிலும் கழிந்துவிடும். மீதியை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது நான்கு பிரேக்குகள் வாங்கிக்கொள்ள வேண்டும். மணாலி சாலையில் உள்ள பாராலாச்சா லா கணவாயில் இருந்து கீலாங்குக்கு இறங்குவதும் சுமார் 1,800 மீட்டர் தாழ்வுதான். அதற்கு முன் 21 வளைவுகள் கொண்ட கட்டா லூப்ஸையும் நீங்கள் இறங்கித்தான் வர வேண்டியிருக்கும். எஞ்சின் சிறியது என்று ஏறும்போது குறைபடுகிறோம். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால், காற்று உள்ளே போகும் வழியான த்ராட்டில் மூடிக்கொள்வதால் நன்றாகவே பிடித்து நிறுத்தும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில், மிகச் செங்குத்தான இடங்களில் அதற்கும் ஒன்று கீழே இறங்குங்கள். பிரேக்கை மெல்லத் தேய்த்துக்கொண்டே வராமல், வேகம் கூடியதும் அழுத்திக் குறைத்துவிட்டு முழுவதும் விட்டுவிடுங்கள், டிஸ்குகளுக்கு ஆற நேரம் கிடைக்கும்.

எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கும் பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் இன்னும் இருக்கிறது. சேலம்–தர்மபுரி சாலையின் தொப்பூர் கணவாயில் நடக்கும் லாரி விபத்துகளைச் செய்தித்தாள்களில் படிப்பவர்களுக்கு, சரிவில் கட்டுப்பாடு இழப்பது என்றால் என்னவென்று தெரியும். இத்தனைக்கும், இன்றைய எஞ்சின்களில் கியரோடு ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது இன்ஜெக்டர்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்கச் சிறிது பெட்ரோல் செலவாகிறது. ஆபத்தையும் விலைக்கு வாங்கி, பெட்ரோலையும் வீணாக்குவது எதற்கு?

மைத்துனருக்கு இந்தப் பத்தி. ஹைப்ரிட் வண்டி இறக்கத்தில் மோட்டார் வழியாகப் பேட்டரிக்கு ஆற்றலைத் திருப்புகிறது, அதனால் பிரேக் மிதி இதமாக இருக்கும். ஆனால் 1,900 மீட்டர் இறக்கத்தில் அடங்கியிருப்பது கிட்டத்தட்ட 9 கிலோவாட் மணி, பேட்டரி கொள்வதோ 0.76. தொடக்கத்திலேயே அது நிரம்பிவிடும், அதற்குப் பிறகு மோட்டாரின் தடுப்பை நம்ப முடியாது. கியர் தேர்வியில் ‘பி’ (B; நிறுத்திவைக்கும் P அன்று) நிலைக்கு மாற்றினால் எஞ்சின் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும்; சரிவு தொடங்கும் இடத்திலேயே மாற்றிவிடச் சொல்லுங்கள். மற்ற ஆட்டோமேட்டிக்குகளுக்கும் இதே விதிதான்: மேனுவல் முறையோ ‘எல்’ நிலையோ எது இருக்கிறதோ அதைப் பயன்படுத்த வேண்டும், ‘டி’ நிலையில் விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது.

கிளம்புவதற்கு முன் குடும்பத்தையும் சாமானையும் முழுவதும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வழியாக உதகைக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே உயரத்தின் இழப்பு ஐந்தில் ஒரு பங்குதான், ஆனால் எந்த ஏற்றத்துக்கு எந்த கியர், சரிவில் நின்று எப்படிக் கிளம்புவது என்பதைக் கால்கள் அங்கேயே கற்றுக்கொண்டுவிடும். பிறகு வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோய் மூன்றை மட்டும் வற்புறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் இரண்டு ஆண்டைத் தாண்டியிருந்தால் மாற்றிவிட வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், டாட் 4 தரத்துக்கு வரையறுக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரமேறிய பின் 155 டிகிரிதான். கொதித்தால் மிதி தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. அடுத்தது ரேடியேட்டர் மூடியும் கூலண்டும். மூன்றாவது கிளட்ச்: 45,000 கிலோமீட்டர் பெரும்பாலும் நகரத்தில் ஓடியிருந்தால் அதில் பாதி ஆயுள்கூட மிஞ்சாமல் போயிருக்கலாம். நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பாருங்கள். வேகம் கூடாமல் சுற்று மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது, அதை இங்கேயே மாற்றிவிடுங்கள். மணாலி சாலையில் உள்ள சர்ச்சுவில் அதை மாற்றித் தர ஆள் கிடைக்காது.